டாக்டரிடம் என்ன கேட்கப் போறீங்க?

“உங்களுக்கும் கர்ப்பப்பைதானா அக்கா?”

காத்திருந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டவள் பக்கத்து நாற்காலிக்காரி. முன்பின் பழக்கமில்லை, உரிமை மட்டும் சொந்தக்காரி மாதிரி.

நோயாளியாக வந்திருந்த நர்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, லீவு போட்டு, பஸ் மாறி இங்கே வந்தால், இங்கேயும் ஒரு வம்பா? தான் நர்ஸ் என்று மூச்சே விடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

“ஆமா. கட்டியாம். பையையே எடுக்கணும்பாங்க போல.”

“டாக்டர்கிட்ட என்ன கேட்கப் போறீங்க?”

“என்னத்தைக் கேட்க? அவங்க சொல்றதுதான்.”

“நல்லா இருக்கே! உங்க உடம்பாச்சே அக்கா. நான்தான் டாக்டர்னு வெச்சுக்குங்க. கேளுங்க, பார்ப்போம்.” கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, டாக்டராகவே உட்கார்ந்துவிட்டாள்.

நர்சுக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ பேரை இதே ஆபரேஷனுக்குத் தயார் செய்து உள்ளே அனுப்பியவள்தான். தன் முறை வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. மயக்க மருந்து கொடுத்த பிறகு கண்ணே விழிக்காமல் போனால்? வீட்டில் சின்னவள் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கவில்லை.

“மருந்துல… சரியாகாதா?”

“அப்படிக் கேளுங்க! அப்புறம்?”

“கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?”

“ம். சினைப்பையை விட்டுவைப்பாங்களான்னும் கேளுங்க. யோசிக்க அவகாசம் வேணும்னு சொல்லுங்க. பயமா இருக்குன்னும் சொல்லுங்க அக்கா. இந்த டாக்டர் திட்ட மாட்டாங்க.”

நர்சுக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்?”

“எல்லாம் பட்டதுக்கு அப்புறம்தான். இப்ப என் தங்கச்சிக்குத் துணையா வந்தேன், ஸ்கேன் எடுக்கப் போயிருக்கா. எனக்கு வேற ஆஸ்பத்திரியில எடுத்தப்போ ஒண்ணும் கேட்கத் தெரியலை. பயமா இருக்குன்னு மட்டும் அங்க ஒரு நர்ஸ்கிட்ட சொன்னேன். ‘பிள்ளைங்க பெத்தாச்சுல்ல, இனி அந்தப் பையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? கையெழுத்தைப் போடு’ன்னுட்டாங்க.”

நர்சின் முகம் வெளுத்தது. வார்டில் அவள் தினமும் ஒப்பிக்கும் வசனம் அது. ஒரு வார்த்தை மாறவில்லை.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரி அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“தைரியமாப் போங்க சிஸ்டர். நீங்க வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.”