தையல்காரர் வீட்டு முறை

தண்ணீர் திருடப் போகிறவள் சத்தமில்லாமல் போக வேண்டும். இவளோ மண்வெட்டியைக் கல்லில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள்.

அதுவும் நல்ல வெளிச்சத்தில், தெரு நடுவே.

கோதுமை விதைத்து மூன்று வாரம். தரைக்குள் வேர் கட்டுகிற நேரம். இப்போது தண்ணீர் தவறினால் பிறகு ஆற்றையே திருப்பிவிட்டாலும் கதிர் தேறாது. நேற்றே தாளின் நுனி வெளுக்கத் தொடங்கிவிட்டது.

மலைச்சரிவில் ஏழு வீடு, ஏழு வயல், ஒரே வாய்க்கால். ஆளுக்கொரு நாள் முறை. இன்று தையல்காரர் வீட்டு முறை. இவள் முறைக்கு இன்னும் நான்கு நாள் கிடந்தது. பயிர் அதுவரை தாங்காது.

தப்பு இவளுடையதுதான். முதல் தண்ணீர் எந்த நாளில் கிடைக்கும் என்று பார்த்து, அதற்குத் தோதாகத்தான் விதைக்கும் நாளைக் குறிக்க வேண்டும். வழக்கமாக ஏழு வீடும் தெருவில் கூடி, ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டு அதை முடிவு செய்யும். இந்த வருஷம் சண்டை நடக்கவில்லை. பனி முந்திக்கொள்ளும் என்று பயந்து, இவளாகவே ஒரு நாளைக் குறித்து விதையைத் தூவிவிட்டாள்.

வாயைப் பொறுத்தவரை இவள் லேசுப்பட்டவள் அல்ல. தெரு இவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. எந்த மருமகள் எந்த மாமியாரோடு எத்தனை நாளாகப் பேச்சில்லை என்பதெல்லாம் விரல்நுனியில். ஆனால் தண்ணீர் விஷயத்தில் கை சுத்தம். அடுத்தவர் முறையில் ஒரு சொட்டு தொட்டதில்லை.

தையல்காரர் மனைவியின் கதையே வேறு. மண் காயட்டும், முதுகுவலி தீரட்டும் என்று ஊரே விதைத்து முடித்த பிறகு விதைப்பாள். தண்ணீருக்கு மட்டும் முதல் ஆளாக நிற்பாள். முறை முடிந்து மடையை அடைக்கச் சொன்னால், "பலகை ஊறிப்போச்சு அக்கா, நகர மாட்டேங்குது" என்பாள். அவள் தண்ணீரில் யாராவது கை வைத்தால் போச்சு. பாதிப் பின்னலோடு ஓடிவந்து, செத்துப்போன தாத்தன் வரைக்கும் இழுப்பாள். ஒருமுறை அவள் திட்டிய திட்டில் தபால்காரர் ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்பேர்ப்பட்டவளின் மடையைத்தான் இவள் பலகை வைத்து அடைத்தாள். தன் மடையைத் திறந்தாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கிவிட்டு இந்தப் பக்கம் திரும்பியது.

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, தையல்காரர் வீட்டு வாசலைப் பார்த்து நின்றாள்.

கதவு திறக்கவில்லை.

இருமினாள். மண்வெட்டியால் பலகையில் ஓங்கித் தட்டினாள்.

தண்ணீர் முதல் பாத்தியைத் தாண்டி இரண்டாவதில் இறங்கியது. மண் உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது.

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் போனை எடுத்தாள்.

"ஏண்டி, உன் முறைத் தண்ணியை நான் திருடிட்டிருக்கேன். பட்டப்பகல்ல. உன் மடையை அடைச்சாச்சு. என்ன பண்ணுவே?"

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். ஒன்றிரண்டு அல்ல, நூறாவது இருக்கும்.

"அக்காவா? சத்தமாப் பேசுங்க, கம்பெனியில இருக்கேன். எந்த முறை?"

"வாய்க்கால் முறைடி!"

தையல்காரர் மனைவி சிரித்துவிட்டாள். "நாங்க இறங்கி வந்தே மூணு வருஷம் ஆச்சு. அந்த வயல்ல முள்ளுதானே நிக்குது? அதுக்கா இன்னும் தண்ணி விட்டுட்டிருக்கீங்க?"

விடிந்ததும் போய் அந்த மடையைத் திறந்துவிட்டதே தான்தான் என்று எப்படிச் சொல்வது?

"முறைன்னா முறைதான்," என்றாள் விறைப்பாக. "அதுக்கு நீ ஊர்ல இருக்கணுமா என்ன?"

"எல்லார் தண்ணியையும் நீங்களே எடுத்துக்கோங்க அக்கா. யாரு கேக்கப் போறா?"

அவள் இவ்வளவு பிரியமாகப் பேசி இவள் கேட்டதே இல்லை. சூப்பர்வைசர் வருகிறார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இவள் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஆறு கதவுகளிலும் பூட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்தபோது தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பயிர் பிழைத்துவிடும். இப்போதைக்கு இந்த ஒரு தண்ணீரே போதும்.

ஆனாலும், நாளை கொத்தனார் வீட்டு முறை. சோற்றில் உப்பு குறைந்தாலே தட்டை விட்டெறிகிற மனுஷன்.

போனில் அவர் எண்ணைத் தேடி அழுத்தினாள்.