சட்டை மடிப்பில் மணல்

"சட்டைக் கை மடிப்புல மணல் கொட்டுதே, சிங்கப்பூர் ஆபீஸைத் தேசாரு கடற்கரைக்கு மாத்திட்டாங்களா?" என்று வாசுகி புருஷனை மடக்கினாள்.

"சிங்கப்பூர்ல எங்க பார்த்தாலும் கட்டட வேலை லா," என்றான் திருச்செல்வம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எவளோடோ கடற்கரையில் சுற்றுகிறான் என்று அவள் சந்தேகப்பட்டாள். மறுநாள் தங்கையின் காரில் பின்தொடர்ந்தாள்.

அவன் பைக் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் பக்கமே போகவில்லை. உள்ளூரிலேயே, ஸ்கூடாயில் ஒரு மீன்தொட்டிக் கடையின் பின்பக்கம் குந்தி, வாளியில் மணல் அலசிக்கொண்டிருந்தான்.

"தண்ணி இன்னும் கலங்கலா இருக்கு! செடி வைக்கிற தொட்டி, நல்லா கழுவு!" என்று அதட்டினார் முதலாளி.

"சரி தவுக்கே," என்று முதலாளிக்குத் தலையாட்டினான் திருச்செல்வம்.

வாசுகி சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில், அவன் சாப்பாட்டுப் பையில் பழைய டி-சட்டை ஒன்றையும் மடித்து வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அங்க போய் மாத்திக்கிட்டு மணல் கழுவுங்க. நல்ல சட்டை அடுத்த ஆபீஸ் இன்டர்வியூவுக்கு இருக்கட்டும்."