மணல் மூட்டைத் திருட்டு

"என் வாசல்ல அடுக்கியிருந்த மணல் மூட்டை ஒண்ணையும் காணோமே!"

ராதோய்கா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

மலையில் பனி உருகுகிற சமயம் பார்த்து மழையும் பிடித்துக்கொள்ள, லிம் ஆறு கரையை முட்டிவிட்டது. நேற்று தீயணைப்புக்காரர்கள் ஆற்றைப் பார்த்த வாசல்களில் எல்லாம் மூட்டைகளை அடுக்கிவிட்டு, ஊரையே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு ரோடு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தது.

"பக்கத்து வீட்டு மிலுன்தான் அக்கா. நேத்து நீங்க பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினதும் தள்ளுவண்டியில ஏத்தினதை நானே பார்த்தேன்" என்றாள் எதிர்வீட்டு ஸ்டானியா.

"அவனும் ஒரு மனுஷனா? தனிக்கட்டை வீடு, முழுகினா கேக்க நாதியில்லேன்னு நெனைச்சுட்டான்!"

விறுவிறுவென்று போனாள். மிலுன் தன் நிலவறையில் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் கவிழ்ந்து மிதந்தது.

"திருடின மூட்டையை வெச்சும் உன் வீட்டைக் காப்பாத்திக்கத் துப்பில்லை! உனக்கு நல்லா வேணும்!"

மிலுன் வாளியை நிறுத்தினான். அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தைக் கையால் காட்டிவிட்டு, மறுபடி இறைக்க ஆரம்பித்தான்.

கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்பக்க மலையிலிருந்து இறங்கின தண்ணீர் வெங்காயப் பாத்தியை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆனால் சமையலறையின் மண்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு மூட்டைகள். அவளுடையவை மட்டுமல்ல, அதைப்போல இன்னொரு மடங்கு. மிலுன் வாசலும் வெறிச்சென்று கிடந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை. கதவைத் திறந்தாள். அடுப்பு, மாவு மூட்டை, தரைவிரிப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி. 'அப்பாடா' என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வாளியோடு போய் மிலுனுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கினாள்.

"தண்ணி பின்னாலேருந்துதான் வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் கூட நின்னு தூக்கியிருப்பேன்ல?"

மிலுன் முதல்முறையாகச் சிரித்தான்.

"நேத்து நீ கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லத்தான் வந்தேன். என் தலையைப் பார்த்ததும், வழக்கம்போல ஜன்னலைப் படார்னு சாத்திட்டியே!"