ஒன்பதாவது மாநிலம்

போரை முடிக்கும் ஒப்பந்தத்துக்கு ஒன்பது மாநிலங்களின் சம்மதம் வேண்டும். சபைக்கு வந்திருந்தவை எட்டு. மற்றவர்களைக் கட்டாயப்படுத்தி வரவழைக்க அந்தச் சபைக்கு அதிகாரம் கிடையாது. ஒப்பந்தத்தை ஏற்பதற்கான கெடுவுக்கு முந்தைய நாள், காய்ச்சலில் கிடந்த ஒன்பதாவது மாநிலத்தின் பிரதிநிதி எல்காணா பீல் எழுந்து கோட்டு மாட்டினார்.

“இந்தப் பனியில போனா செத்துருவீங்க,” என்றாள் மனைவி தபிதா.

“போகலேன்னா திரும்பச் சண்டை மூளும். சண்டையில செத்த நம்ம பையனோட இந்தச் சாவெல்லாம் நிக்கட்டும், தபிதா.”

அவள் போய்க் குதிரையை வண்டியில் பூட்டினாள்.

மறுநாள் நாற்காலியோடு தூக்கித்தான் அவரைச் சபைக்குள் கொண்டுபோனார்கள். தம் மாநிலத்தின் பெயரை அழைத்ததும் பீல் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

“சம்மதம்!”

எல்லைத் தகராறில் தங்களுக்குள் ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டிய மாநிலக்காரர்கள் அவர் நாற்காலியைத் தோளில் ஏற்ற முண்டியடித்தார்கள். ஊர் மணிகள் முழங்க, “வழி விடுங்க, வழி விடுங்க!” என்று கூவிக்கொண்டே தபிதா முன்னால் நடந்தாள்.