சுவரைப் பார்த்த கதிரை

சோமசேகரம் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இசைத்தட்டுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக மனேஜர். பாட வருகிறவரின் முகமோ பேரோ தெரிந்துவிட்டால் காது பொய் சொல்லும் என்பது அவருடைய கொள்கை. மனைவி பூரணத்தைச் சல்லி என்ற ஊரில் தாய்வீட்டில் இறக்கிவிட்டு, புதுக் குரல் தேடி நேரே திருகோணமலைத் துறைமுகத்தடி மண்டபத்துக்கு வந்திருந்தார்.

பதினாறு பேர் பாடினார்கள். பதினாறு பேரையும் கையசைத்து அனுப்பிவிட்டார்.

"இனி ஆருமில்லையோ, சரீப்?"

"ஒராள் இருக்கிறா, சேர். கடைசியாப் பாடுறன் எண்டு நிண்டவ," என்றார் ஒலிபெருக்கிக்கார சரீப்.

பதினேழாவது குரல் எழும்பியது. சோமசேகரத்தின் கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போனது.

பாட்டு முடிந்த பிறகும் அவர் திரும்பவில்லை.

"பிள்ளை, இப்பிடியொரு குரலை நான் கேட்டதே இல்லை. இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சிருந்தனீங்கள்? விலாசத்தைச் சொல்லுங்கோ, ஒப்பந்தம் அனுப்புறன்."

பேனையைத் திறந்தார்.

"இலக்கம் இருபத்தொண்டு, கோயில் ஒழுங்கை, வெள்ளவத்தை."

பாதி எழுதியபோதுதான் பேனை நின்றது. அது அவருடைய வீட்டு விலாசம்.

திடுக்கிட்டுத் திரும்பினார். மைக்குக்கு முன்னால் பூரணம் நின்றாள்.

"நீ... நீ பாடுவியா?"

"கலியாணம் முடிஞ்ச கிழமை குசினிக்குள்ள பாடினனான். 'நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுட்டு வாறன், வீட்டிலயாவது சும்மா இரு' எண்டு கதவைச் சாத்தினீங்கள். அந்த நாளிலயிருந்து, நீங்கள் கந்தோருக்குப் போன பிறகுதான் பாடுறனான்."