பாடத்துக்கு ஓர் உதாரணம்

எங்க துறைத்தலைவருக்கு நாங்க வச்ச பேரு சாவிக்கொத்து.

ஒரு மார்க்கர் பேனா தீர்ந்தாக்கூட அவரேதான் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுக்கணும். மீட்டிங்கை எப்ப வைக்கலாம்னு முடிவு பண்ணவே ஒரு மீட்டிங் போடுவார். இந்த லட்சணத்துல காலேஜ்ல மேனேஜ்மென்ட் துறைக்குத் தலைவர். கொடுமை!

புதுசா சேர்ந்த லெக்சரர் பொண்ணு அவர்கிட்ட வந்து மாட்டுச்சு. முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு மேனேஜ்மென்ட் அரிச்சுவடி எடுக்கணும்.

"நோட்ஸ், உதாரணம் ஏதாவது இருக்கா சார்?"

"நீயே தேடிக்கம்மா. வெள்ளிக்கிழமை உன் வகுப்புல வந்து உட்காருவேன். சொதப்பினா அடுத்த செமஸ்டர் உனக்கு வேலை இல்ல."

பாவம், இன்டர்நெட்டையே சலிச்சு எடுத்துச்சு. கிடைச்சதெல்லாம் விமானக் கம்பெனி, கார் கம்பெனி. பிள்ளைங்க கொட்டாவி விட்டாங்க.

என்கிட்டயும் வந்துச்சு. "சார், இதே பாடத்தை நீங்க ரொம்ப வருஷம் எடுத்தீங்களாமே?"

ஃபைல் ஃபைலா வச்சிருக்கேன்தான். கஷ்டப்பட்டுச் சேர்த்ததைத் தூக்கிக் கொடுத்துட முடியுமா? "எங்கேயோ கிடந்துச்சும்மா, தேடணும்"னேன். டீயைக் குடிச்சுக்கிட்டே சாவிக்கொத்தோட லேட்டஸ்ட் கூத்தைச் சொல்லிச் சிரிக்க வச்சேன். ஏதோ நம்மால முடிஞ்ச ஆறுதல்.

வெள்ளிக்கிழமை சாவிக்கொத்து கடைசி பெஞ்சுல. சீனியர் ஒருத்தர் கூட இருக்கணும்னு என்னையும் இழுத்துட்டுப் போயிட்டார்.

அந்தப் பொண்ணு ஒரு கடை மேனேஜர் கதையைச் சொல்லுச்சு. பில் ரோல் தீர்ந்தாலும் அவர்தான் பூட்டைத் திறக்கணும். ஒருநாள் ரோல் தீர்ந்த நேரத்துல சாவியோட சாப்பிடப் போயிட்டார். வரிசையில நின்னவங்க எல்லாம் எடுத்த சாமானை அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க.

"இங்க என்ன தப்பு நடந்துச்சு?"

ஆளுக்கு ஒரு பதில் கத்துறாங்க பிள்ளைங்க. கொட்டாவியைக் காணோம்.

சாவிக்கொத்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "இவனெல்லாம் ஒரு மேனேஜரா! எங்கேம்மா பிடிச்சே இந்த ஆளை?"

"பக்கத்துலயேதான் கிடைச்சார் சார்."

மனுஷனுக்கு உறைக்கவே இல்ல! "பிரமாதம்! அடுத்த செமஸ்டரும் நீயே எடும்மா"ன்னுட்டு, சாவி குலுங்கக் கிளம்பிட்டார்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்ததும் எனக்குத் தாங்கல. "தன் மூஞ்சியே தனக்கு அடையாளம் தெரியலை பாரு! நல்லா வச்சேம்மா ஆப்பு!"

பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஒரு பேப்பரை நீட்டுச்சு. "அடுத்த பாடத்துக்கும் ஒரு உதாரணக் கதை எழுதிட்டேன் சார். படிச்சுப் பாருங்க."

டீயை உறிஞ்சிக்கிட்டே படிச்சேன். அதே கடை. பழம் தின்னு கொட்டை போட்ட ஒரு சேல்ஸ்மேன். புதுசா வந்த பொண்ணு திண்டாடுறதைப் பார்த்தும் ஒண்ணும் சொல்லித்தர மாட்டான். நாள் முழுக்க டீயும் கையுமா உட்கார்ந்து மேனேஜரைக் கிண்டல் பண்ணுவான்.

நான் சிரிச்ச சிரிப்புல டீ சட்டையில கொட்டிடுச்சு. "அட, என்ன ஆளுப்பா இவன்! எங்கேம்மா பிடிச்சே?"

"இவரும் பக்கத்துலயேதான் சார்."