தனபாக்கியத்தின் சாட்சி

“அந்தப் பிளாஸ்க்கைத் தொறங்க பாய். இனிமே குடிக்கலாம்” என்றார் சிங்காரவேல்.

விசாரணைக்கு வந்த அதிகாரியான அவர் மூன்று நாளாக அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து, வட்டியில்லாக் கடன் சங்கத்தின் ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இப்போது ஃபைலைக் கட்டி வைத்துவிட்டுச் சட்டையின் மேல் பட்டனைத் தளர்த்திக்கொண்டார்.

சங்கச் செயலாளர் நூருல் அமீன் டீயை ஊற்றினார். நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை யாருடையதோ போல இருக்குமே, அப்படித்தான் அவருக்கு எல்லாம் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டார்கள். வட்டி இல்லை என்று சொல்லிக்கொண்டே மறைமுகமாக வட்டி வாங்குகிறார்கள் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து சங்கம் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு.

“எழுதினது யாருன்னு ஊருக்கே தெரியும்” என்றார் சிங்காரவேல். “நூத்துக்குப் பத்து வட்டின்னு புல்லட்ல சுத்தறானே, அவன்தான். உங்களால அவன் பொழப்புல மண்ணு.”

“தெரியல சார்.”

“கணக்கு சுத்தமா இருக்கு. இன்னும் ஒரே ஒரு வாக்குமூலம் வேணும். கடன் வாங்கினவங்க, உங்க ஜமாத்தைச் சேராதவங்க, யாராவது ஒருத்தர். அது முடிஞ்சா இன்னிக்கே அனுமதி எழுதிட்டுப் பஸ் ஏறிடுவேன்.” குரலைத் தாழ்த்தினார். “அவங்க பேசறப்ப நீங்க வாயத் தொறக்கக் கூடாது. கடனுக்கு மேல எந்தப் பேர்ல ஒரு ரூபா வந்திருந்தாலும் சட்டத்துக்கு அது வட்டிதான். அப்புறம் நானே நெனச்சாலும் சங்கத்த மூடாம விட முடியாது.”

“ஒரு ரூபா வாங்கினதில்ல சார். எங்களுக்கு அது ஹராம்” என்றார் அமீன், ஷிப்ட் நேரம் சொல்வது போல.

தனபாக்கியத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மைன்ஸ் ஆர்ச் கேட் பக்கம் பர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களுக்கு இட்லி விற்கிறவள். முன்பு வாங்கிய கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. காத்திருக்கும் கடன் மனுக்களில் அவளுடைய புதிய மனுதான் இப்போது முதலில் இருந்தது. புருஷன் மருதாசலம் கான்ட்ராக்ட் வேலையில் கால் எலும்பு முறிந்து வீட்டில் கிடக்கிறான். இந்த வாரத்துக்குள் ராடு வைக்காவிட்டால் கால் கோணிப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனுமதி வந்தால் நாளைக் காலையில் அவளுக்கு இருபதாயிரம். வராவிட்டால் புல்லட்காரன்.

தனபாக்கியம் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். மேசைமேல் ஒரு டிபன் டப்பாவை வைத்தாள்.

“நோன்புல உங்க வீட்டு பாயம்மா கஞ்சி குடுத்தனுப்பினாங்களே, அந்த டப்பா. குடுத்துடுங்க பாய்.”

அமீன் மூடியைத் திறந்தார். உள்ளே பலாச்சுளை. அறை முழுக்க வாசனை எழுந்தது.

“இதெல்லாம் எதுக்கும்மா?”

“வெறும் டப்பாவ எப்டிங்க குடுக்கறது? பண்ருட்டிப் பழங்க. சார், நீங்களும் எடுத்துக்கங்க.”

சிங்காரவேல் சிரித்தபடி ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். விரலைத் துடைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“பயப்படாம சொல்லும்மா. எவ்ளோ கடன் வாங்கின?”

“பத்தாயிரம் சார். கிரைண்டருக்கு.”

“எப்படிக் கட்டின?”

“மாசம் ஆயிரம். பத்து மாசத்துல முடிச்சிட்டேன். பாயே ரசீது போட்டுக் குடுத்தாரு.”

“வட்டி கேட்டாங்களா?”

“ஐய, அந்தப் பேச்சே கெடையாது. எழுதிக்கங்க சார். தங்கமான மனுசங்க. இவங்க இல்லன்னா நான் அந்தப் புல்லட்டுக்காரன் கால்ல விழுந்துகினு இருந்திருப்பேன்.”

சிங்காரவேல் எழுதினார். அமீனைப் பார்த்து, முடிந்தது என்பது போல் தலையசைத்தார். கடைசி வரிக்காக மட்டும் மறுபடி நிமிர்ந்தார்.

“அப்ப, வாங்கினத அப்படியே திருப்பிக் குடுத்துட்ட. அவ்ளோதானே?”

தனபாக்கியத்தின் முகம் மாறியது. யாரோ நாலு பேர் முன்னால் அவளைக் கஞ்சப்பிசினாறி என்று சொல்லிவிட்டது போல நிமிர்ந்து நின்றாள்.

“இன்னா சார், அப்படிக் கேட்டுட்டீங்க? ஏழைதான், இல்லன்னு சொல்லல. அதுக்குன்னு மொறை தெரியாதா? ஒவ்வொரு தவணைக்கும் ஆயிரத்த பாய் கையில குடுத்துட்டு, வாசல்ல இருக்கற உண்டியல்ல நூறு ரூபா போட்டுட்டுத்தான் படி எறங்குவேன்.”

அமீனின் வாய் திறந்தது. சிங்காரவேல் கையை உயர்த்தினார். வாய் மூடிக்கொண்டது. தகரக் கூரைக்கு அடியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அமீன் அதையே பார்த்தார்.

பேனா காகிதத்தின் மேல் நின்றுவிட்டது. அதிகாரி தன்னை நம்பவில்லை என்று தனபாக்கியத்துக்குத் தோன்றியது. சங்கத்துக்காக இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொன்னாள்.

“நான் மட்டுமில்ல சார், எங்க தெருவுல கடன் வாங்கின முப்பது பேரும் அப்படித்தான். வேணும்னா கூட்டிகினு வரட்டா?”